ஓடுபாதை ஒன்றே இருந்தபோது



2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்துத் திருச்சபைகள் ஆராதனைக்குக் கூடும் நாள் அது. நண்பகலை ஒட்டி 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர்.

காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையம் உடனே மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த விமானங்கள் இந்தியாவுக்குத் திரும்பின. அன்றே நிலையத்தைத் திறந்தார்கள். பின்னதிர்வுகளோ மறுநாளும் இடையூறு செய்தன. அக்காலத்தில் அத்தேசத்தின் ஒரே சர்வதேச விமான நிலையம் அது, ஓடுபாதையும் ஒன்றே. விமானங்களை நிறுத்தவும் சில இடங்களே இருந்தன. ஆகவே, உலகம் அன்போடு அனுப்பிய விமானங்களே நெரிசலுக்குக் காரணமாயின. நிவாரணப் பொருள் சுமந்தவை வானில் வட்டமிட்டன. சில இறங்காமலே திரும்பின. மே 3 அன்று, ஓடுபாதை சேதமுற்றதால் பெரிய விமானங்களுக்குத் தடை வந்தது.

இதிலிருந்து நான் கற்றது இதுவே: இரக்கத்திற்கு ஒழுங்கும் வேண்டும். துயரச் செய்தி கேட்டவுடன் கையில் அகப்பட்டதை மூட்டைகட்டி அனுப்புகிறோம். அது நம் மனபாரத்தைக் குறைக்கிறது; ஆனால், மருத்துவக் குழு இறங்கவேண்டிய இடத்தை அம்மூட்டை அடைத்துக்கொள்ளக்கூடும். என்ன தேவை என்று அங்கிருப்போரைக் கேட்டுக் கொடுப்பதே மெய்யான ஈகை.

கேட்பதற்குள் காலம் கடந்துவிடாதா என்பீர்கள். ஆதலால்தான், ஆபத்துக்கு முன்னரே ஆயத்தம் வேண்டும். நிவாரணத்துக்கென்று காணிக்கைப் பையில் இடும்போதெல்லாம் அந்த ஒற்றை ஓடுபாதையை நினைவுகூருவோமாக.