பொருளறிந்து மிதிப்போம்!

கோவை இரத்தினசபாபதிபுரத்து நாற்சந்தியில், மகிழுந்து ஓட்டப் பயிலும் இளைஞர் ஒருவர் புறப்படுங்கால் ஊர்தி குலுங்கி நின்றுவிடுகின்றது. பின்னே ஒலிப்பான்கள் அலறுகின்றன. "கிளட்சை மெல்ல விடு" என்கின்றார் பயிற்றுநர். ஏன் மெல்ல விடல் வேண்டும் என்பதை அவரும் விளக்கவில்லை. அவ் அயற்சொல்லும் விளக்கவில்லை.

அவ்வுறுப்புக்கு 'உரசிணைப்பி' எனத் தமிழில் பெயருண்டு. பெயரே அதன் வினையைக் கூறுகின்றது. சுழலும் பொறியைச் சக்கரங்களை இயக்கும் பல்லிணைப் பெட்டியோடு உரசலால் இணைப்பது அது. இடக்கால் மிதியைச் சட்டென விடின், நிற்கும் சக்கரங்களின் சுமை முழுவதும் ஒருங்கே தாக்கப் பொறி அணைந்துவிடும். மெல்ல விடின், உரசி உரசி இரண்டும் ஒத்த விரைவினை எய்தும். இஃது அறியாதவர் உதகை மலைப்பாதையில் நின்று புறப்படுங்கால், ஊர்தி பின்னோக்கி உருளும். உயிருக்கே இடர் நேரும்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய கோ. து. நாயுடு, பொறிகளைப் பிரித்துப் பார்த்தே நுணுக்கம் தேர்ந்தவர். அவர் வாழ்ந்த மண்ணில் கட்டளையை நெட்டுருச் செய்வதோடு அமைதல் தகுமோ?

பயிற்றுநர்களே! மிதிக்கச் சொல்லுமுன், பெயரையும் வினையையும் தாய்மொழியில் சொல்லுங்கள். பொருளறிந்து மிதிக்கும் கால் தடுமாறாது!