பரிசோதனை அவர்களுடையது, அரைப்பேர் நம்முடையது



"புத்தாக்கம்" என்ற சொல் கொழும்பில் இப்போது மலிந்து கிடக்கிறது. அமைச்சர்கள் மேடையில் சொல்கிறார்கள். கம்பனிகள் ஆண்டறிக்கையில் பளபளப்பாக அச்சிடுகின்றன. சம்பளப் பேச்சுக்குப் போனால் முதலாளிமார் தரப்பும் அதையே எடுத்து வைக்கிறது: சம்பளம் கூடவேண்டுமா, உற்பத்தித்திறன் கூடவேண்டும், உற்பத்தித்திறன் கூடவேண்டுமா, புத்தாக்கம் வேண்டும். 2019 இல் தேசிய புத்தாக்க முகவரகம் ஒன்றுக்காகப் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. இரண்டு ஆண்டு கழித்து, 2021 மே 6 ஆம் திகதி, ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு நாடு முழுவதையும் பரிசோதனைக் கூடமாக்கினார்கள். இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. அதே நாட்டில்.

மலையிலிருந்து இந்த மடலை வாசிக்கும் தோழர்கள், மண்டூரிலிருந்து ஒருவன் தேயிலையைப் பற்றி என்ன எழுதப்போகிறான் என்று நினைக்கலாம். மண்டூர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில், போரதீவுப் பற்றில் இருக்கிறது. குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்தால் ஊர். வெளியூரார் முருகன் கோயிலுக்காக அறிவார்கள். நாங்கள் வயலுக்காக அறிவோம். இங்கே தேயிலை ஒரு செடி கிடையாது. ஆனால் அந்த வர்த்தமானி இங்கே நெல்லையும் அங்கே கொழுந்தையும் ஒரே நாளில் பிடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொள்கை என்ற பெயரில் என்ன நடந்தது என்பது விளங்கும்.

கணக்கு சின்னக் கணக்கு. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. அந்த ஒரு மூடையின் இடத்தை நிரப்ப ஒன்றரைத் தொன், இரண்டு தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கொடுக்கும். இவ்வளவு எருவை எங்கே செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? இன்னொரு கேள்வி அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. அதைத் தலையில் சுமந்து மலையேற்றுவது யார்? எத்தனை பேர், எத்தனை நாள், என்ன சம்பளத்துக்கு?

பெரும்போக வேளாண்மை எங்களுக்கு ஐப்பசி மழையோடு தொடங்கும். விதைத்து இரண்டு கிழமையில் பயிர் யூரியா கேட்கும். அந்த வருசமும் கேட்டது. கொடுக்கத்தான் கையில் ஒன்றும் இல்லை. சேதனப் பசளை என்று வந்ததில் கல்லும் களைவிதையும் கலந்திருந்தது என்று பல மாவட்டங்களில் கமக்காரர் முறையிட்டார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பயிரின் வயது போய்விட்டது. பசளை வாங்க நாட்டில் டொலரும் இல்லை.

மலையில் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியவர்கள். ஆனாலும் திகதிகளை ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில், பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு, சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபா வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் நிர்வாகம் கொழுந்தின் அளவை 18 கிலோ, 20 கிலோ என்று ஏற்றியது. மே மாதம் பசளை நின்றது. செடிக்குச் சாப்பாடு இல்லை, பறிப்பவளுக்கு மட்டும் கிலோ குறையவில்லை. துளிர் இல்லாத மலையில் நாள் முழுக்க நின்று பன்னிரண்டு கிலோவோடு இறங்கியவளுக்கு அரைப்பேர். 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. எரிபொருள் வரிசைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் பசியில் நின்ற செடி எரிபொருள் வந்ததும் துளிர்த்துவிடாது.

நட்டத்தை யார் சுமந்தார்கள் என்று பார்ப்போம். சீனக் கம்பனியொன்றிடம் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். மாதிரியில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருக்கிறது என்று நமது தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொன்னது. கப்பலை இறக்க விடவில்லை. சரியான முடிவுதான். இருந்தும் 2022 ஜனவரியில் மக்கள் வங்கி அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கட்டியது. இறங்காத பசளைக்குப் பணம். அதே மாதம் நெல் விவசாயிகளுக்கு 4000 கோடி ரூபா நட்டஈடு என்று அறிவித்தார்கள். அது யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைப் படுவான்கரையில் வந்து கேளுங்கள், ஒவ்வொரு வாடியிலும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். அரைப்பேர் போட்ட தொழிலாளிக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. கமக்காரன் இழந்ததற்கு நட்டம் என்று பெயர். கொழுந்து பறிப்பவள் இழந்ததற்குப் "போதிய கிலோ எடுக்கவில்லை" என்று பெயர்.

"யோசனை நல்லது, நடைமுறைப்படுத்தியதில்தான் பிழை" என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். இந்தக் கதையை விடக்கூடாது. மண் களைத்துப்போனது உண்மை, நஞ்சு அடிக்கும் தோழர்களின் உடம்பு கெடுவதும் உண்மை. சேதனப் பசளைக்கு நாம் எதிரி அல்ல. ஆனால் இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003 இல் அறிவித்து 2016 இல்தான் முழுக்கச் சேதன மாநிலமானது. பதின்மூன்று வருசம், அதுவும் ஏறத்தாழ 75,000 ஹெக்டயர் நிலத்துக்கு. நமது ஆட்சியாளரும் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருசம் என்றுதான் எழுதியிருந்தார்கள். பத்து வருசம் எப்படி ஒரு இரவானது? விவசாய விஞ்ஞானிகளும் பொருளியல் ஆய்வாளரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. கொள்கை அமைப்பிலேயே அந்த ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்த ஆள் அடுத்த வர்த்தமானியோடு வருவார்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 1950களின் கடைசியில் பத்தலகொடையில் உருவாக்கிய எச்-4 நெல்லினம் இந்தத் தீவின் வயல்களை மாற்றியது. அந்த விதை தனியாக வரவில்லை. நெல்லுக்கு ஏற்கெனவே உத்தரவாத விலை இருந்தது. 1958 இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஊர்தோறும் கொண்டுவந்தது. அதே 1958 இல் பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கியது, 1961 இல் சட்டமானது. புது விதையைப் போட்டு விளையாவிட்டால் கமக்காரன் ஒருவனே விழக்கூடாது என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இருந்தது. (அந்தச் சட்டத்தை நிலச்சொந்தக்காரர் எப்படி எப்படி வளைத்தார்கள், எத்தனை குத்தகைக்காரரை எழுப்பிவிட்டார்கள் என்பது தனிக் கதை.) கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததும் அப்படித்தான். இளம் அமைப்பாளர்கள் கமக்காரரோடு போய்த் தங்கினார்கள். வாய்க்காலுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பிரதிநிதி என்று கூடிப் பேசி, தலைவாய்க்கால்காரர் கடைவாய்க்கால்காரருக்குத் தண்ணீர் விடச் சம்மதித்தார்கள். அதைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் புத்தகம் எழுதினார், உலகம் படித்தது. கொழும்பு படித்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்துக்கு அந்தக் காலத்திலும் குழு இல்லை. 1948 இல் குடியுரிமை பறிபோனது. வாக்கில்லாதவனிடம் யார் கருத்துக் கேட்பார்? தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கியது. தேயிலை ஏற்றுமதி மீதான தீர்வையில் வளர்ந்தது, அதாவது நாம் பறித்த கொழுந்தில். அங்கே உருவாக்கிய வீ.பீ. தேயிலை விளைச்சலைக் கூட்டியது, அதை மறுக்கமாட்டோம். கூடிய விளைச்சலில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் நாட்கிலோ ஏறியதுதான். குடியுரிமை திரும்பக் கிடைத்துவிட்டது, 2003 சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்கிறார்கள். எந்த மரத்துக்கு என்ன போடுவது என்று முடிவு செய்யும் மேசைக்கு அந்த உரிமை இன்னும் வந்து சேரவில்லை.

ஆராய்ச்சிக்கு நாடு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். தென் கொரியா 5 சதவீதத்தை அண்மித்துச் செலவிடுகிறது. இந்த அற்பக் காசிலும் நமது விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யூரியாவை மெல்ல மெல்ல வெளிவிடும் பசளையொன்றை உருவாக்கி, கமக்காரரின் நெல்வயலில் சோதித்து, பாதி யூரியாவோடு கூடிய விளைச்சல் கண்டதாக 2017 இல் உலக ஆய்விதழில் வெளியிட்டார்கள். நாலு வருசம் கழித்துப் பயிர் மஞ்சளித்து நின்றபோது இந்திய விமானப்படை விமானங்களில் 100 தொன் நனோ திரவம் வந்து இறங்கியது, இந்தியாவில் செய்தது. ஹோமாகமவுக்கும் எங்கள் வயலுக்கும் இடையே பாதை போட ஒரு அமைச்சுக்கும் தோன்றவில்லை. முகவரகம், ஆணைக்குழு, செயலகம் என்று பெயர்ப்பலகை மட்டும் கூடிக்கொண்டு போகிறது.

நம் பக்கத்திலும் ஒரு வார்த்தை. மெசின் வந்தால் எதிர்ப்போம் என்று சும்மா சொல்லிக்கொண்டிருப்பது போதாது. படுவான்கரையில் வெட்டு மெசின் இறங்கியபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. பத்துப் பேர் அருவாளோடு நாட்கணக்கில் வெட்டிய வயலைச் சில மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. வயல்காரருக்கு இலாபம், மழைக்கு முன் நெல் வீடு சேருகிறது. வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் மேசன் வேலைக்கும் மத்திய கிழக்குக்கும் போயின. மெசினைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை; முன்கூட்டியே நிபந்தனை பேச ஒரு அமைப்பும் இருக்கவில்லை. மலையில் கொழுந்து வெட்டும் கத்தரிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. நமக்கு அமைப்பு இருக்கிறது. நிபந்தனை எங்கே?

நிபந்தனை இதுதான். தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் புத்தாக்கம் பேசும் ஒவ்வொரு சபையிலும் தொழிலாளர் தெரிவு செய்த பிரதிநிதிகள் வாக்குரிமையோடு இருக்கவேண்டும், தேநீர் குடித்துவிட்டு வருவதற்கல்ல. புது முறை எதுவானாலும் முதலில் சில மலைகளில் சோதிக்கட்டும். அந்தச் சோதனையின் முடிவில் விளைச்சலோடு சேர்த்துத் தொழிலாளி எடுத்த கிலோ, சுமந்த பாரம், வாங்கிய சம்பளம், பட்ட நோய் எல்லாம் எழுதப்படட்டும். அரசாங்கத்தின் உத்தரவால் கொழுந்து குறைந்தால் அந்தக் காலம் முழுவதும் கிலோ அளவு இறங்கவேண்டும், முழுப்பேர் போடவேண்டும், கம்பனி தரமறுத்தால் உத்தரவு போட்டவர்கள் தரவேண்டும். இறங்காத கப்பலுக்குப் பணம் கட்ட வழி கண்டவர்களுக்கு இதற்கும் வழி தெரியும்.

2021 மே முதல் 2022 டிசம்பர் வரை உங்கள் தோட்டத்தில் எத்தனை அரைப்பேர் போடப்பட்டது என்ற கணக்கு கம்பனியின் செக்ரோலில் இருக்கிறது. அவர்கள் தரமாட்டார்கள். உங்கள் வீட்டில் சம்பளச் சீட்டுகள் இருக்கும், றங்குப்பெட்டியின் அடியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ. தேடி எடுத்து அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தோட்டக் கமிட்டித் தலைவர் பிரதி எடுத்துக்கொண்டு சீட்டைத் திருப்பித் தருவார். சீட்டுத் தொலைந்திருந்தால் பெயர், பதிவு இலக்கம், எந்த மலையில் எந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். அந்தக் காலத்தில் ஓய்வுபெற்றுப் போனவர்களிடமும் கேட்டு வாங்குங்கள்.