அம்மாவின் உடம்பில் இருந்த துண்டுக்குக் கடிதம் இல்லை

கடந்த கோடையில் அம்மா ரொறன்ரோவில் தம்பி வீட்டில் நின்றபோது, ஒருநாள் காலை அவருடைய வலது கால் மரத்துப் போனது. வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அதற்கு முன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அம்மாவிடமும் கேட்டார்கள்: "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது. 1995 ஒக்டோபரில் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லின் ஒரு துண்டு இடுப்பில் இன்னும் கிடக்கிறது. காயம் ஆறும் முன்பே, அந்த மாதம் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது. வைத்தியசாலை தந்த அட்டை அந்த இடப்பெயர்வில் தொலைந்தது. துண்டு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் ஒரு கடதாசியும் இல்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் உடம்புக்குள் இருக்கும் இரும்பை அசைக்கலாம், சூடாக்கலாம். ஆகவே முதலில் வேறு படங்கள் எடுத்தார்கள். இரண்டு நாட்கள் போயின.

அடுத்தது காப்புறுதி. பெற்றோருக்கான கனடாவின் சுப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதி வருகையாளரைச் சேர்ப்பதில்லை. தம்பி அவசரத்தில் படிவம் நிரப்பியபோது, இரத்த அழுத்தம் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டான். குளிசையோடு கட்டுப்பாட்டில் இருப்பதை நாங்கள் நோயாக நினைப்பதில்லை. நிறுவனம் இங்குள்ள கிளினிக் கொப்பியைக் கேட்டது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு குளிசையின் அளவு கூட்டப்பட்டது அதில் இருந்தது. பணம் மறுக்கப்பட்டது. தம்பி இன்னமும் தவணையில் கட்டுகிறான்.

எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டு மருத்துவம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விசாதான். அதற்குக் காரணம் உண்டு. 2010 ஏப்ரல் 16 அன்று, பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட 80 வயதுப் பார்வதி அம்மாள் சிகிச்சைக்காக மலேசியாவிலிருந்து சென்னையில் இறங்கினார். கையில் இந்திய விசா இருந்தும் அதே இரவில் திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 20 அன்று வல்வெட்டித்துறை வைத்தியசாலையில் காலமானார். அது அரசியல் அடைத்த கதவு. இன்று பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அடைபடும் கதவு அனேகமாகக் கடதாசியில்தான் இருக்கிறது.

யாழ். போதனா வைத்தியசாலையில் காசு கேட்காமல் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறுகிறோம். லண்டனில் அவசர சிகிச்சைப் பிரிவில் வருகையாளருக்கும் கட்டணமில்லை. ஆனால் வார்டில் அனுமதித்தால் செலவின் ஒன்றரை மடங்கு அறவிடுவார்கள். 500 பவுணுக்கு மேல் கடன் நின்றால் அடுத்த விசாவும் மறுக்கப்படலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்புறுதி கட்டாயம். ஆனால் காப்புறுதி இருப்பதும் அது பணம் தருவதும் வேறு வேறு. பழைய நோய்க்கு அது செல்லுபடியாக, பயணத்துக்கு முன் மூன்று மாதமோ ஆறு மாதமோ நோயும் மருந்தும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை.

ஆகவே போகிறவர்கள் கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொண்டு போங்கள். மருந்தின் வர்த்தகப் பெயரை விட்டு, உட்பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். படிவத்தைப் பிள்ளைகள் தனியே நிரப்ப விடாதீர்கள். உடம்பில் துண்டு இருந்தால் இங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள்.

ஆனால் இதைத் தனிமனிதரின் கவனத்தில் மட்டும் விட்டுவிட முடியாது. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், ஏனைய பல வைத்தியசாலைகள் மாகாணத் திணைக்களத்தின் கீழும் இருக்கின்றன. போர்க்காயத்தோடு வாழ்பவர் கேட்டால், படம் எடுத்து, காயத்தைப் பதிந்து, சான்று கொடுப்பதை இரண்டு தரப்பும் வழமையான சேவையாக்க வேண்டும். அது வெளிநாடு போகிறவருக்கு மட்டும் உதவாது. இந்த உடம்புகளில் என்ன நடந்தது என்பதற்கும் அது ஒரு பதிவு.

அம்மா திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் நொண்டி நடக்கிறார். போன கிழமை எக்ஸ்ரே எடுத்தோம். முப்பது வருடத்தின் பின் அந்தத் துண்டை முதல்தடவையாக நாங்கள் பார்த்தோம். சின்ன விரல் நகமளவுதான் இருக்கும்.