வண்டுக்கும் ஒரு நோய்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்லடி தொடக்கம் காத்தான்குடி வரை நடந்து செல்லும் அன்பர்கள் தென்னைகளைச் சற்று அண்ணாந்து பார்ப்பார்களாக. கத்தரிக்கோலால் நறுக்கியது போன்ற முக்கோண வெட்டுகள் சில ஓலைகளிற் காணப்படலாம். அவை காண்டாமிருக வண்டின் கைவரிசை. விரியாத குருத்தை அது துளைக்கிறது. ஓலை விரியும்போதுதான் காயம் நமக்குத் தெரிகிறது. குருத்தின் அடி அழிந்தால் மரமே பட்டுப்போகும்.

இவ்வண்டு முட்டையிடுவது உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலுமாம். 1978 நவம்பர்ச் சூறாவளி இம்மாவட்டத்துத் தென்னைகளிற் பெரும்பகுதியைச் சாய்த்தது. அகற்றப்படாது உக்கும் மரம் ஒவ்வொன்றும் வண்டுக்குத் தொட்டிலே.

1909 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற றப்பர்க் கன்றுகளோடு இவ்வண்டு பசிபிக் கடலின் சமோவாத் தீவுகளை அடைந்து, தென்னைகளைப் பாழாக்கிற்று. அதற்கு மாற்றுத் தேடிய செருமானிய அறிஞர் அலோய்ஸ் ஹூகர், 1963 இல் மலேசியாவில் இவ்வண்டின் குடம்பிகளைக் கொல்லும் வைரசு ஒன்றைக் கண்டார். 1967 இல் அது சமோவாவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் தென்னைகளின் சேதம் வெகுவாகக் குறைந்தது.

அது எவ்வாறு கொல்கிறது? பட்டுப்புழுவின் வைரசு புரதப் படிகத்துள் ஒளிந்திருக்கும். புழு தின்ற இலையோடு குடலை அடைந்ததும், அங்குள்ள காரச் சாற்றிலே படிகம் கரைய, வைரசு வெளிப்பட்டுக் கலங்களுட் புகும். வண்டின் வைரசுக்கோ அத்தகைய கவசம் இல்லை. வெளியே அது நெடுநாள் தாங்காது. வாய்வழியே நடுக்குடலை அடைந்து, கலத்தினுட் புகுந்து, அதன் கருவிலே பெருகுகிறது. கலங்கள் சிதைய, வைரசு மலத்தோடு வெளியேறுகிறது. நோயுற்ற வண்டு உடனே இறப்பதில்லை. அது பறந்து சென்று துணையைக் கூடி, உக்கிய குற்றிகளிலே நோயை விதைக்கிறது. தன் இனத்தின் கூற்றுவனைத் தானே சுமந்து திரிகிறது!

ஆயினும், வைரசு இருக்கிறதே என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. வைரசு வண்டை அடக்குமேயன்றி அடியோடு ஒழிக்காது. 2007 இல் குவாம் தீவிற் காணப்பட்ட ஒருவகை வண்டு, அந்த வைரசுக்கு எளிதில் மசியவில்லை. எனவே, விழுந்த குற்றியைப் பிளந்து அகற்றுவதும், எருக்குவியலைக் கிளறிக் குடம்பிகளைப் பொறுக்கி அழிப்பதும் இன்றும் நம் கடமையே. வண்டின் தொட்டிலை அகற்றுவோம், தென்னை பிழைக்கும்.