கால்குலேட்டர் இருந்தால் போதுமா?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் தெரியாதவரைக் கல்லாவில் உட்கார வைக்கும் வழக்கம் நம் தொழிலில் இருந்ததில்லை. இன்று மேசை மேல் கால்குலேட்டர், பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு, எதிரே பில் போடும் கம்ப்யூட்டர். இவ்வளவும் இருக்கும்போது கணக்கு எதற்கு என்று வணிகப் பெருமக்களிலேயே சிலர் கேட்கிறார்கள். எந்திரம் தட்டியதைத்தான் கணக்கிடும். தட்டியது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும் என்பதே நமது கருத்து.

முழு எண்களில் தவறு குறைவு. 45ம் 38ம் 83 என்று எந்தப் பணியாளரும் சொல்லிவிடுவார். தொல்லை புள்ளியில்தான் தொடங்குகிறது. ஏலக்காய் கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 750 கிராம் நிறுத்துவிட்டு, பில்லில் 0.750க்குப் பதில் 0.075 என்று தட்டினால் 2,250 ரூபாய்க்குப் பதில் 225 ரூபாய்தான் விழும். 2,025 ரூபாய் போயிற்று. மாறாக, 75 கிராமுக்கு 0.75 என்று தட்டினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், அல்லது சண்டை போடாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பின்னதுதான் பெரிய நஷ்டம்.

இதற்குக் காரணம் பணியாளரின் மந்தம் அல்ல. பணத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், எடையில் மூன்று. 0.05 என்பது பணமானால் 5 பைசா, எடையானால் 50 கிராம். ஒரே மேசையில் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாட்டை யாராவது ஒரு முறை உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய் 100 நயா பைசா வந்தது. அடுத்த ஆண்டு முதல் படிப்படியாக வீசையும் சேரும் போய்க் கிலோ வந்தது. அதற்கு முன் கடையில் பழகியவர்கள் கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடாக ஒப்பித்தவர்கள். புதிய முறை எளிது, மறுப்பதற்கில்லை. எளிது என்பதாலேயே சொல்லித்தரும் பழக்கம் விட்டுப்போயிற்று. அரைக்கால் கிலோ 125 கிராம், தராசில் 0.125 என்று பழைய சொல்லையும் புதிய எண்ணையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் பிடிபடும்.

அடுத்தது மைனஸ். எடை பழகாத பணியாளர் தராசில் மைனஸ் குறியைக் கண்டதும் தராசே கெட்டுவிட்டது என்கிறார். நடந்தது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் கொண்டுவந்த டப்பா 185 கிராம்; அதைக் கழித்துத் தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம்; டப்பாவை எடுத்ததும் −0.185 என்று காட்டுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்தவருக்குத் துவரம்பருப்பு நிறுத்தால், 1.000 காட்டும்போது தட்டில் 1,185 கிராம் இருக்கும். கிலோ 160 ரூபாய் விலையில் 29 ரூபாய் 60 காசு இனாம். கிலோவுக்கு 8 ரூபாய் நிற்கிறது என்றால், ஏறத்தாழ நாலு கிலோ விற்ற லாபம் ஒரு நிறுவையில் போய்விட்டது.

கம்ப்யூட்டரில் சர்க்கரை இருப்பு −12 கிலோ என்று வருவதும் இப்படித்தான். இல்லாத சர்க்கரையை யாரும் விற்க முடியாது. வந்த மூட்டையைப் பதியவில்லை, அல்லது எங்கோ புள்ளி இடம் மாறியிருக்கிறது. மைனஸ் என்றால் என்னவென்று தெரிந்தவர் அன்றே தேடுவார்.

உண்மையில் இது நம் பேரேட்டில் காலங்காலமாக இருப்பதுதான். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இவ்வகை எண்களுக்கு விதி எழுதியபோது, ஒன்றை ‘தனம்’ என்றும் மற்றொன்றை ‘ரிணம்’, அதாவது கடன், என்றும்தான் சொன்னார். 640 ரூபாய் பாக்கி உள்ளவர் 1,000 ரூபாய் கட்டினால் அவர் கணக்கு −640இலிருந்து +360க்கு வருகிறது. மறுநாள் 500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் −140. மொத்த வியாபாரி நம் பற்றில் தவறுதலாக எழுதிய 1,250 ரூபாய் மூட்டையை அடித்துவிட்டால், நமக்கு 1,250 வரவு வைத்ததற்குச் சமம். மைனஸைக் கழித்தால் பிளஸ் என்று பள்ளிக்கூடத்தில் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்.

சில கடைகளில் இரவு கல்லா குறைந்தால் பணியாளர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்காத கணக்குக்குத் தண்டம் வாங்குவது நியாயமல்ல. அந்தப் பிடித்தத்துக்கு அஞ்சித்தான் தவறு நடந்ததையே மறைக்கிறார்கள். மறைத்த தவறு மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது பத்தாகப் பெருகி நிற்கிறது. ‘திருடிவிட்டான்’ என்று பெயர் வாங்கி வேலையை விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் புள்ளியைத் தவறவிட்டவர்களோ!

ஆகவே நம் சங்கம் ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் கணக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளையும் விட்டுவிடக்கூடாது. எண்ணின் பெயர்தான் அவர்களுக்கு வேறு, தராசு காட்டும் எண் ஒன்றே. முதலாளியின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்காரட்டும். தனியாகப் பாடப்புத்தகம் தேவையில்லை. அவரவர் கடையின் போன மாத பில் கட்டு ஒன்று, ஒரு தராசு, ஒரு காலி டப்பா, இவை போதும்.