குரூப்பில் போட்டால் போதாது, தோழர்களே!

தெருமுனையில் டோக்கன் கொடுக்கிறாங்க. நீங்க பார்க்கிறீங்க, கோபம் வருது. வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுறீங்க. நாலு பேர் திட்டுறாங்க, நாற்பது பேர் பகிர்கிறாங்க. அதற்குள் டோக்கன் அடுத்த தெருவுக்குப் போயாச்சு. பறக்கும் படைக்குத் தகவலே போகவில்லை!

புகாருக்கென்றே தேர்தல் ஆணையம் 2018-இல் கொண்டுவந்தது சி-விஜில் செயலி. புகார் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், பறக்கும் படை வந்து விசாரித்து, 100 நிமிடத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒன்றை மறக்காதீங்க. ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவை அதில் ஏற்ற முடியாது. சம்பவ இடத்திலேயே செயலியைத் திறந்து, அதிலேயே எடுக்கணும். படமோ, 2 நிமிட வீடியோவோ போதும். இடத்தை ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இன்றைக்கே பதிவிறக்கி வையுங்க.

பயமா? பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். ஆனால் புகார் என்ன ஆச்சு என்று பின்தொடர பெயரோடு அனுப்புவதே நல்லது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 1950-க்கு அழைக்கலாம். யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

"புகார் கொடுத்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு: 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-இல் ஆர்.கே.நகர். 2019-இல் வேலூர். பணம் விளையாடியதற்கு ஆதாரம் சிக்கியதும் தேர்தலே ரத்தானது. ஆணையத்தை அசைப்பது ஆதாரம்தான், ஆவேசம் இல்லை.

இன்னொன்று. கை நீட்டி வாங்கும் ஏழைத் தாயின் முகத்தை ஸ்டேட்டஸில் போடாதீங்க. வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான். அதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கவரை யார் கொடுத்தனுப்பியது என்பதுதான் நம்ம கேள்வி.

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நம்ம வண்டிக்கும் சேர்த்துதான். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சுவரில் எழுதக்கூடாது என்பது நம்ம சின்னத்துக்கும் சேர்த்துதான். நம்ம ஆளே மீறினாலும் முதலில் நாமே தடுக்கணும். கேட்கவில்லையா? புகார் அனுப்புங்க. அப்போதுதான் அடுத்தவரைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்கும்.

களத்தில் கண்ணைத் திறந்து வைப்போம், தோழர்களே. ஒவ்வொரு பூத் முகவருக்கும் இதைப் பகிருங்கள்!