கொடைக்கானல் பனிக்கு கார் துருப்பிடிக்குமா?

புது கார் டெலிவரி எடுக்கும்போது ஷோரூமில் ஒரு லிஸ்ட் நீட்டுவாங்க. ஃப்ளோர் மேட், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங், கடைசியில் ‘அண்டர்பாடி ஆன்டி-ரஸ்ட் கோட்டிங்’. வண்டி கொடைக்கானலுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா போதும், அந்தக் கடைசி வரி கட்டாயம் ஆகிவிடும். “மலை ஏரியா சார், பனி ஜாஸ்தி. போடலைன்னா நாலே வருஷத்துல அடியில ஓட்டை விழுந்துடும்.” வீட்டில் எல்லாரும் நம்ம பக்கம் திரும்புவாங்க: “நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, போடலாமா வேண்டாமா, சொல்லு.”

என் பதில் இது. கொடைக்கானலில் ஓடப்போகும் புது காருக்கு அந்தப் பணம் தேவையில்லாத செலவு. ஆனால் அதே மலையில் ஓடும் வேறு சில வண்டிகளுக்குத் துருப் பாதுகாப்பு கண்டிப்பா வேணும். அந்த ஓனர்களிடம் யாரும் இந்த லிஸ்டை நீட்டுவதில்லை.

குழப்பம் ‘பனி’ என்ற வார்த்தையில்தான் ஆரம்பிக்குது. புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனி, கோக்கர்ஸ் வாக்கை மூடும் மூட்டமும் பனி, கனடாவில் முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதும் பனி. யூடியூபில் கனடா, அமெரிக்கா கார்களின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி நொறுங்குவதைப் பார்த்துவிட்டு, பனியால்தான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறோம். உண்மையில் அது பனி செய்த வேலை இல்லை, உப்பு செய்த வேலை. ரோட்டில் பனி உறையாமல் இருக்க அங்கே உப்பைக் கொட்டுகிறார்கள். சாதாரண சோடியம் குளோரைடு கலந்த தண்ணீர், சரியான அடர்த்தியில் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பு இப்படி ரோட்டில் போகுது. டொரொன்டோவில் இருக்கும் நம்ம தமிழர்கள் குளிர்காலத்துக்கு முன்னாடி காருக்கு அடியில் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பதில் முழு நியாயம் இருக்கு.

கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அது உறைபனி. வெயில் ஏறினா போய்விடும். அதற்காக யாரும் ரோட்டில் உப்புப் போடுவதில்லை.

“உப்பு இல்லைன்னா என்ன, வருஷம் பூரா ஈரம் இருக்கே?” நியாயமான கேள்வி. துருப்பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் போதும், உப்பு கட்டாயமில்லை. ஆனால் உப்பு வந்தா வேகம் பல மடங்கு ஏறும். தண்ணீரை நல்ல மின்கடத்தியா மாற்றும். இரும்பின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு உடைக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மழை இல்லாத நாளிலும் தகடு நனைஞ்சே இருக்கும். ஒரு ஊரின் காற்று எவ்வளவு அரிக்கும் என்று வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரம் பார்ப்பதும் மூன்று விஷயங்கள்: எவ்வளவு நேரம் நனைஞ்சிருக்கு, எவ்வளவு குளோரைடு படியுது, எவ்வளவு சல்பர் டை ஆக்சைடு இருக்கு. கொடைக்கானல் முதல் விஷயத்தில் மட்டும்தான் அதிக மார்க் வாங்கும். கடல் பக்கத்தில் இல்லை, பெரிய தொழிற்சாலைப் புகையும் இல்லை.

இதில் நம்ம ஊருக்கே பெரிய அனுபவம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட சிக்ரி ஆய்வகம், கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் தனியா ஒரு நிலையமே வைத்திருக்கு. பக்கத்தில் பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் காலமெல்லாம் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசைலோக்சேன் பூச்சும் போட்டிருக்காங்க. உப்பு இருக்கும் இடத்தில் பூச்சுக்குச் செலவு பண்ணித்தான் ஆகணும். நான் பூச்சுக்கு எதிரி இல்லை.

இன்னொன்று, புது கார் நிர்வாணமா வருவதில்லை. ஃபேக்டரியிலேயே பாடியைப் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு பெயின்ட் தொட்டிக்குள் முழுசா முக்கி, மின்சாரம் பாய்ச்சி சந்துபொந்தெல்லாம் பூச்சு ஏற்றித்தான் அனுப்புறாங்க. பல மாடல்களில் முக்கியமான தகடுகள் துத்தநாகம் பூசியவை. அதற்கு மேல் ஷோரூமில் அடிக்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங், காட் ரோட்டில் தெறிக்கும் ஜல்லியிலிருந்து கொஞ்சம் காப்பாற்றும், சத்தத்தையும் குறைக்கும். அதை ஒத்துக்கறேன். ஆனால் அவசரத்தில் அடிச்சா, கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளையும் சேர்த்து அடைச்சிடும். நாளடைவில் கோட்டிங் வெடிச்சா, விரிசலுக்குள் போன தண்ணீர் வெளியே வராது. மேலே பார்த்தா பளபளன்னு கறுப்பு, உள்ளே துரு.

“சில ஆயிரம் ரூபாய்தானே, இன்சூரன்ஸ் மாதிரி நினைச்சுக்கோ” என்பார்கள். அந்தக் காசில் பல தடவை அடிப்பாகத்துக்கு வாட்டர் சர்வீஸ் பண்ணலாம். மலையில் காரைத் தின்பது காற்றை விடச் சேறும் சருகும்தான். யூகலிப்டஸ் இலையும் பைன் ஊசியும் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகாலை அடைக்கும். வீல் ஆர்ச்சுக்குள் ஒட்டின சேறு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் இவற்றைச் சுத்தம் பண்ணி, கல் பட்டு பெயின்ட் போன இடத்தில் உடனே டச்-அப் பண்ணினா, புது காருக்கு அது போதும். ஓடையில் இறக்கி மட்டும் கழுவாதீங்க, கீழே அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்க இருக்காங்க.

அப்போ யாருக்குத்தான் வேணும்?

முதலாவது, பிக்கப். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டிகள் காலியா மேலே திரும்புவதில்லை, உர மூட்டையோடு வரும். பொட்டாஷ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குச் சொந்தத் தம்பி. அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. மூட்டை கிழிஞ்சு சிந்தி, மேலே சாரல் விழுந்தா, கனடா ரோட்டில் நடப்பதே அந்தப் பிக்கப் தொட்டியில் நடக்கும். சேஸி வரைக்கும் ஒழுகும். இந்த வண்டிக்கு ரப்பர் கோட்டிங்கை விட, சந்துக்குள் ஊர்ந்து போகும் மெழுகோ எண்ணெயோ வருஷம் ஒரு தடவை அடிப்பது நல்லது. உரம் ஏற்றும் முன் ஒரு தார்ப்பாய் விரிச்சு, இறக்கின அன்றே தண்ணீர் அடிச்சாலே பாதி பிரச்சினை போயிடும்.

இரண்டாவது, கடற்கரையில் வாழ்ந்துவிட்டு மலை ஏறும் செகண்ட் ஹேண்ட் கார். திருவொற்றியூரிலோ தூத்துக்குடியிலோ பத்து வருஷம் நின்ற கார், கை மாறிக் கை மாறி திண்டுக்கல் புரோக்கர் வழியா டாக்ஸியா கொடைக்கானலுக்கு வரலாம். உப்பும் அதன் மடிப்புகளுக்குள் உட்கார்ந்து கூடவே வரும். அதற்கு மலையின் ஈரமும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். பட்டி பார்த்து பெயின்ட் அடிச்ச வெளிப்புறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. ராம்ப்பில் ஏற்றி, டார்ச் அடிச்சு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸியைத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்கணும், பொத்துன்னு கேட்டா வேண்டாம். ஏற்கெனவே துரு ஏறின இடத்தைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடிப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுற கதைதான்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது பிரேக் பைப். சுண்டு விரலை விட மெல்லிய இரும்புக் குழாய், அதற்குள்தான் பிரேக் ஆயில் அழுத்தம் முழுசும் போகுது. பாடியில் ஓட்டை விழுந்தா டிங்கரிங் செலவோடு போயிடும். வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் இந்தக் குழாய் விட்டுப்போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிறுவனமான என்.எச்.டி.எஸ்.ஏ., உப்பு போடும் மாநிலங்களில் பழைய வண்டிகளின் பிரேக் பைப் துருவை ஆராய்ந்துவிட்டு 2015-ல் சொன்ன அறிவுரையும் ரொம்ப எளிமையானது: அடிப்பாகத்தை நல்லா கழுவுங்க, பைப்பை வருஷா வருஷம் பாருங்க, துரு கண்டா மாற்றிடுங்க.

வருஷா வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப் என்று ஏழு நாள் கிராமத்துக்குப் போறோம். மரம் நடுறோம், பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த தடவை மலைக் கிராமத்துக்குப் போனா, மெக்கானிக்கல் பசங்க ஒரு நாள் ஒதுக்கி, உள்ளூர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு, பிக்கப்களுக்கும் டாக்ஸிகளுக்கும் அடியில் டார்ச் அடிச்சுப் பார்க்கலாமே? ஒரு டார்ச், ஒரு வயர் பிரஷ், ஒரு நோட்டு போதும். எந்த வண்டியில் பிரேக் பைப் மாற்றணும் என்று ஓனரிடம் எழுதிக் கொடுத்துட்டு வரலாம். ஷோரூம் லிஸ்டைப் பற்றி வீட்டில் சொல்லும் பதிலை விட அது நாலு பேருக்கு உருப்படியா உதவும்.